பாய்மர அடிக் கப்பிகளை மாற்றுவது: சுமை எங்கே இறங்குகிறது என்று பார்த்துச் செய்யுங்கள்

பாய்மரப் படகின் காக்பிட்டில் (பின்பகுதியில் உள்ள உட்காரும் குழி) இருந்தபடியே பாயை ஏற்றி இறக்க வேண்டுமென்றால், பாய்மரத்தோடு இறங்கிவரும் ஒவ்வொரு ஹேலியார்டும் (பாயை ஏற்றும் கயிறு) அடியில் ஒரு கப்பியில் திரும்பித்தான் பின்னால் போக வேண்டும். பாய் ஏறியிருக்கும் நேரமெல்லாம் இந்தக் கப்பிகள் சுமையிலேயே இருக்கும். சக்கரம் சுற்றாமல் கயிறு அதன்மேல் உரசிக்கொண்டு போவது, பக்கத் தகட்டில் மயிரிழை விரிசல், குறுக்குப் பின் வளைந்ததால் திருக முடியாத ஷேக்கில் (கப்பியைக் கண்ணோடு இணைக்கும் U வளையம்), டெக்கில் (படகின் மேல்தளம்) போல்ட் தலையைச் சுற்றிப் பழுப்புக் கறை: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மாற்றும் காலம் வந்துவிட்டது.

பலர் கொஞ்சம் பெரிய கப்பியாக வாங்கிப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டு வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். கப்பி உடைவது அபூர்வம். கப்பி தொங்கும் கண், அந்தக் கண்ணைப் பிடித்திருக்கும் போல்ட், போல்ட்டுக்குக் கீழே இருக்கும் டெக் ஆகியவைதான் முதலில் விட்டுக்கொடுக்கும். அதனால் கடைக்குப் போகும் முன் ஒரு கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

எவ்வளவு சுமை?

கயிறு எத்தனை டிகிரி திரும்புகிறது என்பதைப் பொறுத்துக் கப்பியின் சுமை மாறும். கயிற்றின் இழுவிசையை 1 என்று வைத்துக்கொண்டால், 30 டிகிரி திரும்பும் கப்பிக்கு 0.52, 60 டிகிரிக்கு 1, 90 டிகிரிக்கு 1.41, 120 டிகிரிக்கு 1.73, முழுதாக மடங்கித் திரும்பினால் 2. பாய்மர அடியில் திருப்பம் ஏறக்குறைய 90 டிகிரி. எனவே அங்குள்ள கப்பிக்குக் கயிற்றின் இழுவிசையைவிட 41 சதவீதம் கூடுதல் சுமை. கயிறுகளைப் பின்பக்கம் திருப்பிவிடும் கப்பி வரிசையான டெக் ஆர்கனைசரில் திருப்பம் பொதுவாக 60 டிகிரிக்குள் இருப்பதால் அங்கே சுமை குறைவு.

கயிற்றின் இழுவிசை எவ்வளவு என்பதை கயிற்றைச் சுற்றி இறுக்கும் உங்கள் வின்ச்சே சொல்லிவிடும். 16க்கு 1 ஆற்றல் விகிதமுள்ள வின்ச்சின் கைப்பிடியில் 25 கிலோ விசை கொடுத்தால் கயிற்றில் 400 கிலோ வரும். உரசலில் கொஞ்சம் போகும்தான். ஆனால் கணக்கில் அதைக் கழிக்காதீர்கள். 400 கிலோவை 1.41 ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 565 கிலோ. கப்பியின் மேல் எழுதியிருக்கும் பாதுகாப்பான வேலைச் சுமை இதற்குக் கீழே இருக்கக் கூடாது. உடையும் சுமையைப் பார்த்து வாங்கிவிடாதீர்கள், அது வேறு எண். ஷேக்கிலுக்கும் கண் தகட்டுக்கும் இதே கணக்குதான். கப்பி 1,000 கிலோ தாங்கும், அதைப் பிடித்திருக்கும் ஷேக்கில் 400 கிலோதான் தாங்கும் என்றால் உங்களிடம் இருப்பது 400 கிலோ கப்பி.

அந்த 565 கிலோ சாய்வாக இழுக்கிறது. பிரித்துப் பார்த்தால் 400 கிலோ மேல்நோக்கியும் 400 கிலோ பின்னோக்கியும் போகிறது. முதன்மைப் பாயை ஏற்றும் மெயின் ஹேலியார்டில் 400, முன்பாய் ஹேலியார்டில் 400, பாயின் பரப்பைக் குறைக்கும் ரீஃப் கயிற்றில் 200 என்று வைத்தால் மூன்றும் சேர்ந்து ஒரு டன் விசையில் அந்த இடத்தை மேலே தூக்குகின்றன. அந்தத் தூக்கலை எது பிடித்துக்கொள்கிறது என்பதுதான் முழு வேலையையும் தீர்மானிக்கும் கேள்வி.

பாய்மரம் எங்கே நிற்கிறது?

டெக்கின் மேல் நிற்கும் பாய்மரம் என்றால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். கயிறுகள் மேலே தூக்கும் அதே விசை பாய்மரத்தின் வழியாகக் கீழே அழுத்துகிறது. பாய்மரம் நிற்கும் அடித்தட்டிலேயே கப்பிகளை மாட்டினால் இரண்டும் அங்கேயே ஒன்றையொன்று சமன்செய்துவிடும். டெக்குக்குத் தூக்கல் எதுவும் போகாது. நல்ல அடித்தட்டுகளில் இதற்கென்றே சுற்றிலும் துளைகள் இருக்கும். துளை இல்லையென்றால் அடித்தட்டுக்குக் கீழே ஒரு பெரிய தகட்டை நுழைத்து, அதன் வெளியே நீளும் காதுகளில் கப்பிகளை மாட்டலாம். அதற்குப் பாய்மரத்தை கிரேன் வைத்துத் தூக்கியாக வேண்டும். பாய்மரத்தைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் கம்பிகளான ஷ்ரவுட்கள் இறுக்கமாக இருக்கும்போது அடித்தட்டின் போல்ட்டுகளைத் தொடவே தொடாதீர்கள்.

டெக்கைத் துளைத்துக்கொண்டு கீழே கீல் (படகின் அடி முதுகெலும்பு) வரை போகும் பாய்மரம் என்றால் நிலைமை வேறு. பாய்மரம் கீழே கீலை அழுத்துகிறது, கப்பிகள் மேலே டெக்கைத் தூக்குகின்றன, நடுவில் இரண்டையும் இணைக்க ஒன்றுமில்லை. டெக் மெல்ல உப்பும். பாய்மரத்தைச் சுற்றித் தண்ணீர் கசியும். கேபின் கதவு காற்று பலமாக அடிக்கும் நாட்களில் மட்டும் பிடிக்கும். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, கப்பிகளை டெக்கில் மாட்டாமல் பாய்மரத்திலேயே பொருத்திய பட்டையில் மாட்டுவது. இரண்டாவது, டெக்கில் மாட்டிவிட்டு, டெக்கின் அடிப்பக்கத்திலிருந்து பாய்மரத்துக்கோ கீல் சட்டத்துக்கோ டர்ன்பக்கிள் (திருகி இறுக்கும் இணைப்பு) வைத்த எஃகுக் கம்பியால் இழுத்துக் கட்டுவது. பாய்மரத்தைச் சுற்றி டெக்கோடு மட்டும் போல்ட் போட்ட வளையம் பார்க்க உறுதியாகத் தெரியும், ஆனால் பாய்மரத்தோடு பிணைப்பு இல்லையென்றால் தூக்கல் முழுவதும் டெக்குக்குத்தான் போகும்.

உங்கள் டெக் இப்போது எப்படி நடந்துகொள்கிறது என்பதைத் துளை போடும் முன்பே பார்த்துவிடலாம். கேபினுக்குள், பாய்மரத்துக்குச் சற்று முன்னால், கூரையின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஒரு நூலை விறைப்பாகக் கட்டுங்கள். நூலுக்கும் கூரைக்கும் நடுவில் உள்ள இடைவெளியை நடுக்கோட்டில் அளந்து குறித்துவையுங்கள். பிறகு மேலே ஒருவர் ஹேலியார்டுகளை வழக்கமான அளவுக்கு இறுக்கட்டும். இடைவெளி கண்ணுக்குத் தெரியும்படி கூடினால் டெக் தூக்கப்படுகிறது. அந்தப் படகில் முதலில் இழுகம்பி, பிறகுதான் புதிய கப்பி.

எந்தக் கப்பி?

ஹேலியார்ட் ஒருமுறை இறுகினால் மணிக்கணக்கில் அசையாது. சுற்றுவது கொஞ்சம், தாங்குவது அதிகம். பிளாஸ்டிக் குண்டு பேரிங் வைத்த கப்பி விரலால் தட்டினாலே சுழலும் என்பதால் கடையில் ஆசையாக இருக்கும். ஆனால் நீண்ட நேரம் அசையாத சுமையில் அந்தக் குண்டுகள் ஒரு பக்கம் தட்டையாகிவிடும், பிறகு கடகடவென்றுதான் சுற்றும். பாய்மர அடிக்கு புஷ் (குண்டுகள் இல்லாத வழுவழுப்பான உள்குழல்) வைத்த கப்பியோ, டார்லான் போன்ற கடினமான பொருளில் செய்த உருளை பேரிங் கப்பியோதான் பொருத்தம். குண்டு பேரிங்கை, முதன்மைப் பாயின் கோணத்தை மாற்றும் மெயின் ஷீட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஓயாமல் ஓடும் கயிறு அது.

சக்கரத்தின் விட்டம் சாதாரண பாலியெஸ்டர் கயிற்றின் விட்டத்தைப்போல் 6 மடங்காவது இருக்கட்டும். டைனீமா என்ற மிக வலுவான செயற்கை உள்ளிழை வைத்த கயிறு என்றால் 8 மடங்கு நல்லது. சின்னச் சக்கரத்தில் கூர்மையாக வளையும் கயிறு அந்த ஓர் இடத்தில்தான் முதலில் நைந்துபோகும்.

கப்பி எப்படித் தொங்குகிறது என்பதும் முக்கியம். சுமை வரும் திசைக்குத் தானாகத் திரும்பிக்கொள்ள அதற்கு இடம் வேண்டும். ஆனால் தன் அச்சில் முழுதாகச் சுழலக் கூடாது, சுழன்றால் கயிறுகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும். சுழல் தலை உள்ள கப்பி என்றால் அதைப் பூட்டிவிடுங்கள். சுமை இல்லாத நேரத்தில் கப்பி டெக்கில் விழுந்து தட்டாமல் இருக்க, அடியில் ஸ்பிரிங் வைத்த நிற்கும் வகையை எடுக்கலாம். கதவுக் கீல்போல மடங்கி ஒரு பக்கமாக மட்டும் சாயும் வகை இன்னும் சுத்தமாக இருக்கும். பாயின் அடிக்கட்டையான பூமைத் தூக்கிப் பிடிக்கும் டாப்பிங் லிஃப்ட் போல அடிக்கடி இழுக்காத கயிறுக்கு உரசல் குறைந்த அலுமினிய வளையத்தை டைனீமாவால் கட்டிவிட்டாலே போதும். ஹேலியார்டுக்கு அதைச் சிபாரிசு செய்ய மாட்டோம்: 90 டிகிரி திருப்பத்தில் உரசல் அதிகம், பாயை ஏற்றும்போது கை சொல்லிவிடும்.

நூல் கட்டிப் பார்த்தல்

வாங்கிய கப்பிகளைப் போல்ட் போடும் முன் தற்காலிகமாகக் கட்டிவைத்து, பாய்மரத்தில் கயிறு வெளிவரும் துளையிலிருந்து கப்பி, ஆர்கனைசர், கிளட்ச் (கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பூட்டு), வின்ச் வரை ஒரு மெல்லிய நூலை விறைப்பாக ஓட்டுங்கள். இந்த அரைமணி நேர வேலையைத் தவிர்ப்பவர்கள் பிறகு டெக்கில் தேவையற்ற துளைகளை அடைத்துக்கொண்டிருப்பார்கள்.

பார்க்க வேண்டியவை: நூல் சக்கரத்தின் பள்ளத்துக்கு நேராக உள்ளே நுழைகிறதா, அல்லது பக்கத் தகட்டை உரசுகிறதா? கிளட்ச்சுக்குள் நேர்கோட்டில் போகிறதா? கிளட்ச்சுக்குள் கோணலாக நுழையும் கயிறு அதன் உறையைத் தின்றுவிடும். வின்ச் டிரம்முக்குக் கயிறு சற்றுக் கீழிருந்து ஏறிவர வேண்டும், 5 டிகிரி போல. மேலிருந்து இறங்கினால் சுற்றுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி இறுகிக்கொள்ளும். அதற்குத் தீர்வு வின்ச்சுக்கு அடியில் ஒரு கட்டை, அல்லது கிளட்ச்சைக் கொஞ்சம் தாழ்த்துவது. பூமைக் கீழே இழுக்கும் வேங்கின் அடிக் கப்பி எங்கே ஆடும் என்பதையும் பாருங்கள். புதிய கப்பிகளின் வழியில் அது குறுக்கிடுவது அடிக்கடி நடக்கும்.

டெக்கில் துளை போடுதல்

கண் தகடுகளோ ஆர்கனைசரோ டெக்கில் உட்கார வேண்டுமென்றால் அவசரமே கூடாத இடம் இதுதான். பெரும்பாலான ஃபைபர் கிளாஸ் டெக்குகள் இரண்டு தோல்களுக்கு நடுவில் பால்சா மரமோ நுரையோ வைத்தவை. வெறுமனே துளையிட்டுப் போல்ட்டை இறுக்கினால் இரண்டு கேடுகள். நடுப்பொருள் நசுங்கும், நசுங்கினால் போல்ட் தளரும். தளர்ந்த போல்ட் வழியாகத் தண்ணீர் இறங்கினால் பால்சா அழுகத் தொடங்கும், மேலே ஒரு கறைகூடத் தெரியாது.

எம்6 (6 மி.மீ. விட்டமுள்ள) போல்ட்டுக்கு முறை இப்படி. முதலில் 3 மி.மீ. வழிகாட்டித் துளை போட்டு, அது கேபினுக்குள் எங்கே வெளிவருகிறது, வயரோ தடுப்புச் சுவரோ இடிக்கிறதா என்று பாருங்கள். பிறகு மேல் தோலையும் நடுப்பொருளையும் 12 மி.மீ. துளையாக அகலப்படுத்துங்கள், கீழ்த் தோலை விட்டுவிடுங்கள். டிரில் பிட்டில் டேப் சுற்றி ஆழத்தைக் குறித்துக்கொண்டால் தவறாது. வெளியே வரும் தூளைக் கையில் எடுத்துப் பாருங்கள்: உலர்ந்த பால்சா வெளிர் நிறமாக உதிரும். கறுத்து, ஈரமாக, விரலில் ஒட்டினால் அந்த இடம் ஏற்கெனவே அழுகிவிட்டது. அழுகல் எதுவரை போயிருக்கிறது என்று பார்த்து அதைச் சரிசெய்யாமல் மேலே போகாதீர்கள்.

துளை சுத்தமானதும் கீழ்ப்பக்கத்தை டேப்பால் அடைத்துவிட்டு, முதலில் தண்ணீர்போல் இருக்கும் கலப்பற்ற எபாக்ஸியை உள்சுவரில் தடவி ஊறவிடுங்கள். இதைச் செய்யாவிட்டால் பால்சா அடைப்பிலுள்ள எபாக்ஸியை உறிஞ்சி ஒட்டுப்பகுதியை வறளவைக்கும். பிறகு சிலிக்கா பொடி கலந்து, குச்சியில் எடுத்தால் வழியாத பதத்தில் எபாக்ஸியை நிரப்புங்கள். ஆழமான துளையென்றால் இரண்டு தடவையாக நிரப்புவது நல்லது, ஒரே தடவையில் அதிகம் ஊற்றினால் சூடேறி நுரைத்துவிடும். ஒரு நாள் முழுக்க இறுகவிட்டு, நடுவில் 6.5 மி.மீ. துளை போடுங்கள். இப்போது போல்ட்டைச் சுற்றி எபாக்ஸி தூண் ஒன்று நிற்கிறது. எவ்வளவு இறுக்கினாலும் நசுங்காது, பிற்காலத்தில் கசிந்தாலும் பால்சாவுக்குத் தண்ணீர் போகாது.

துளையின் மேல் விளிம்பைக் கூம்பு பிட்டால் லேசாகச் சரித்துவிடுங்கள். அந்தச் சரிவில்தான் அடைப்புப் பொருள் வளையமாக நிற்கும். அடைப்புக்கு, பசைபோன்ற ரப்பர் பட்டையான பியூட்டைல் டேப்பையே விரும்புகிறோம். அது இறுகிப்போகாது, பல ஆண்டுகள் கழித்தும் கழற்ற முடியும். போல்ட் தலைக்குக் கீழே ஒரு சின்னக் கூம்பாகச் சுற்றி, தகட்டின் அடியிலும் ஒரு துண்டு வையுங்கள். பாலிசல்ஃபைடும் நல்லதுதான், ஆனால் சிலவகைப் பிளாஸ்டிக்கை அது கெடுக்கும் என்பதால் பிளாஸ்டிக் அடியுள்ள பொருளுக்கு வேண்டாம். நிரந்தரமாக ஒட்டும் பாலியூரித்தேன் பசையை இங்கே போடாதீர்கள். அடுத்த முறை கழற்றும்போது தகட்டோடு டெக்கின் மேற்பூச்சான ஜெல்கோட்டும் பெயர்ந்து வரும்.

கீழ்ப்பக்கம் 5 அல்லது 6 மி.மீ. தடிமனில் ஜி10 (கண்ணாடியிழை எபாக்ஸி) தகடோ அலுமினியத் தகடோ வையுங்கள். மேலே உள்ள தகட்டைவிட எல்லாப் பக்கமும் நீட்டிக்கொண்டு, மூலைகள் உருண்டு இருக்கட்டும். வாஷர் மட்டும் போதாது. மேல்நோக்கிய இழுப்பில் சின்ன வாஷர் நாளடைவில் தோலைத் துளைத்துவிடும். டெக்கின் அடிப்பக்கம் மேடுபள்ளமாக இருந்தால் கெட்டி எபாக்ஸியில் தகட்டை அழுத்தி உட்காரவைத்துச் சமப்படுத்துங்கள்.

இறுக்கும்போது மேலே ஒருவர் போல்ட் தலையைத் திரும்பாமல் பிடித்துக்கொள்ள, கீழே இருப்பவர் நட்டைத் திருக வேண்டும். போல்ட் திரும்பினால் பியூட்டைல் அறுந்து வழிவிட்டுவிடும். ஒரே தடவையில் முழுக்க இறுக்காமல், பியூட்டைல் மெல்லப் பிதுங்கி வரவிட்டு, மறுநாள் இன்னும் கொஞ்சம், இரண்டு நாள் கழித்து இன்னும் கொஞ்சம் என்று போங்கள். நட்டுக்கு வெளியே இரண்டு மூன்று மரைகள் தெரிந்தால் சரியான நீளம். எஃகு மரையில் கொஞ்சம் மசகு தடவாமல் மின் கருவியால் வேகமாகத் திருகினால் நட் பாதியில் பற்றிக்கொண்டு நின்றுவிடும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

பாய்மரத்தில் துளை போடுதல்

அலுமினியப் பாய்மரத்தில் எம்5க்கு 4.2 மி.மீ., எம்6க்கு 5 மி.மீ., எம்8க்கு 6.8 மி.மீ. துளை போட்டு மரை வெட்ட வேண்டும். ஆனால் மரை வெட்டிய துளை எல்லா வேலைக்கும் ஆகாது. அலுமினியத்தில் மரை பிடிக்க போல்ட் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஆழம் வேண்டும். எம்6க்கு 9 மி.மீ. நடுத்தரப் படகின் பாய்மரச் சுவர் 3, 4 மி.மீ.தான். எனவே சுவரோடு ஒட்டி மேலும் கீழுமாக இழுக்கும் சுமைக்கு மரை பரவாயில்லை. சுவரிலிருந்து வெளியே பிடுங்கும் சுமைக்கு உள்ளே தகடு வையுங்கள், அல்லது 4.8 மி.மீ. மோனல் (நிக்கல்-செம்புக் கலவை) ரிவெட்டுகளைப் போதிய எண்ணிக்கையில் போடுங்கள். மோனல் ரிவெட்டுக்கு நீண்ட கைப்பிடியுள்ள கருவி வேண்டும், சின்னக் கைக்கருவியில் அதன் உள்தண்டு அறாது.

எஃகும் அலுமினியமும் உப்புத் தண்ணீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம் வெள்ளைப் பொடியாக அரிக்கும். ஒவ்வொரு திருகுக்கும், ஒவ்வொரு தகட்டின் அடிக்கும் அரிப்பைத் தடுக்கும் பசைகளான டெஃப்-ஜெல் அல்லது டூராலாக் தடவுங்கள். தகட்டுக்கும் பாய்மரத்துக்கும் நடுவில் மெல்லிய பிளாஸ்டிக் தாள் வைத்தால் இன்னும் நல்லது.

துளைகளை ஒரே மட்டத்தில் வரிசையாகப் போடாதீர்கள், பாய்மரம் அந்தக் கோட்டில் பலவீனமாகும். மேலும் கீழுமாக மாற்றிப் போடுங்கள். கயிறு வெளிவர நீள்துளை வெட்டினால் மூலைகள் உருண்டையாக இருக்கட்டும். விரிசல் சதுர மூலையில்தான் தொடங்கும். டிரில் பிட் சுவரைத் தாண்டி எகிறாமல் தடை வையுங்கள், உள்ளே மின்வயரும் மற்ற ஹேலியார்டுகளும் ஓடுகின்றன.

கூடவே பார்க்க வேண்டியவை

பழைய ஹேலியார்ட் பாதி கம்பி, பாதி கயிறாக இருந்து இப்போது முழுக் கயிறுக்கு மாறுகிறீர்கள் என்றால், உச்சியில் இருக்கும் சக்கரத்தைப் பார்க்காமல் விடாதீர்கள். கம்பி ஓடிய சக்கரத்தின் பள்ளம் குறுகலாக, விளிம்பு பிசிறு பிசிறாக இருக்கும். புதுக் கயிற்றை அது அறுத்துவிடும். டைனீமாவுக்கு மாறும்போது கயிற்றின் விட்டத்தை 2 மி.மீ. குறைக்க முடியும், ஆனால் கிளட்ச் அந்த விட்டத்தைப் பிடிக்குமா என்று பாருங்கள். 10 முதல் 12 மி.மீ. வரை பிடிக்கும் கிளட்ச்சில் 8 மி.மீ. கயிறு வழுக்கும்.

பழைய கயிற்றை உருவும் முன் அதன் நுனியில் மெல்லிய இழுகயிற்றைத் தைத்துவிடுங்கள். முடிச்சு சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும், டேப் மட்டும் ஒட்டினால் பாதி வழியில் கழன்றுவிடும். ஒரு நேரத்தில் ஒரு ஹேலியார்டை மட்டும் எடுங்கள். ஷ்ரவுட் பின்களைக் கழற்றிச் சோதிப்பதாக இருந்தால் அதுவும் ஒவ்வொன்றாக, அந்தப் பக்கத்தில் ஒரு ஹேலியார்டை இறுக்கிக் கட்டிவைத்துவிட்டுத்தான்.

ஷேக்கில் பின்களை 1 மி.மீ. மோனல் கம்பியால் கட்டிவிடுங்கள், அல்லது மரையில் நடுத்தர வலுவுள்ள நீல லாக்டைட் போடுங்கள். ஆடிக்கொண்டே இருக்கும் ஷேக்கில் தானாகக் கழன்றுவிடும். ஸ்பிளிட் பின் அது போகும் பின்னின் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு நீளம் இருந்தால் போதும். கால்களை 20 டிகிரி போல விரியுங்கள். சுருட்டி மடக்கிவைத்தால் அவசரத்தில் எடுக்க முடியாது.

சோதனை

கரையில் கட்டியிருக்கும்போதே செய்யுங்கள். முன்பாய் ஹேலியார்டை முன்முனையின் உறுதியான கண்ணில் மாட்டி, வழக்கமான அளவுக்கு வின்ச்சில் இறுக்குங்கள். இறுக்கும்போது கப்பிக்கும் கிளட்ச்சுக்கும் நடுவில் யாரும் நிற்கக் கூடாது. கப்பி பிடுங்கிக்கொண்டால் கயிறு நேராகும் பாதையில்தான் எறியப்படும். கீழே ஒருவர் கட்டிய நூலைப் பார்த்துக்கொண்டு, தகடுகளின் விளிம்பில் ஏதாவது பிரிகிறதா, முறுகல் சத்தம் வருகிறதா என்று கவனிக்கட்டும். பத்து நிமிடம் அப்படியே விட்டுவைத்து மறுபடி அளவு எடுங்கள். பிறகு மெயின் ஹேலியார்டையும் சேர்த்து இறுக்கி இன்னொரு தடவை.

முதல் பயணம் முடிந்ததும் நட்டுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள், பியூட்டைல் இன்னும் கொஞ்சம் அமுங்கியிருக்கும். டெக்கில் வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு, கீழே ஒவ்வொரு போல்ட் நுனியையும் உலர்ந்த காகிதத்தால் தொட்டுப் பாருங்கள். கப்பிகளை நல்ல தண்ணீரால் கழுவினால் போதும். புஷ்ஷிலும் பேரிங்கிலும் கிரீஸ் வேண்டாம், உப்பும் மணலும் அதில் ஒட்டிக்கொண்டு உள்ளேயே அரைக்கும்.